ரோம வெள்ளிக்காசில் நிற்பது எந்தச் சாமி? முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

நம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது. எடை மூன்று, மூன்றரை கிராம். ஒரு பக்கம் ஒரு தலை, மறுபக்கம் யாரோ ஒருவர் கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறார், சுற்றிலும் பாதி தேய்ந்த எழுத்து. இதை முதல்முறை கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள், அந்த உருவத்தின் முகத்தை உற்றுப் பார்ப்பது. நானும் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க மூக்கையும் தாடையையும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அரிசிமணியைவிடச் சிறிய முகம் அது, அத்தனை நூற்றாண்டுகள் கைமாறியதில் முதலில் தேய்ந்துபோவதும் அதுதான். முகத்தில் ஒன்றும் கிடைக்காது. கையில் கிடைக்கும்.

நமக்கு இது பழக்கமான விஷயம்தான். கோயில் தூணில் மூக்கு உடைந்த சிற்பமாக இருந்தாலும் கையில் வேல் இருந்தால் முருகன், சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், காலடியில் மூஞ்சூறு இருந்தால் கேட்கவே வேண்டாம். ரோமர்களும் தங்கள் சாமிகளை இப்படித்தான் அடையாளம் கண்டார்கள், அதனால் இந்தப் பொழுதுபோக்கில் தமிழர்கள் பாதித் தூரம் தாண்டித்தான் தொடங்குகிறோம். ஒரே எச்சரிக்கை: பழக்கதோஷத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். ரோமில் மயில் நிற்பது ஜூனோ என்ற தேவியின் காலடியில். சூலம் வைத்திருப்பவர் கடல் தெய்வமான நெப்டியூன்.

முதலில், கையில் இருப்பது என்ன காசு?

ரோம வெள்ளிக்காசு என்றால் பெரும்பாலும் தெனாரியஸ்தான். விவிலியத்தின் தமிழ்ப் பொதுமொழிபெயர்ப்பில் 'தெனாரியம்' என்று வருகிறதே, அதே காசு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தோடு நடந்த இரண்டாம் போரின் நடுவில், ஏறக்குறைய கி.மு. 211இல் இதை அடிக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஒரு தெனாரியஸுக்குப் பத்து வெண்கல 'அஸ்' காசு, பெயரே பத்து என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். தலைக்குப் பின்னால் எக்ஸ் போல ஒரு குறி இருந்தால் அது ரோம எண் பத்து. பிறகு கி.மு. 140 வாக்கில் மதிப்பைப் பதினாறு அஸ் ஆக மாற்றினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை.

தராசில் வைத்துப் பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது, இதில் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். முதல் தெனாரியஸ்கள் நாலரை கிராம் அளவில் இருந்தன, சீக்கிரமே 3.9 கிராமுக்கு வந்து நீண்டகாலம் அங்கேயே நின்றன. கி.பி. 64இல் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியின் அளவையும் சேர்த்தே குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில், கி.பி. 190களின் நடுவில், காசில் வெள்ளி ஏறக்குறைய பாதிதான். கி.பி. 215இல் கரகல்லா புதிதாக ஒரு பெரிய காசை விட்டார், இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்று கருதப்படுகிறது, ஆனால் அதில் இருந்த வெள்ளி ஒன்றரைக் காசுக்குத்தான் வரும். அந்தோனினியனஸ் என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் அது வெள்ளிப்பூச்சு போட்ட செம்பாகவே ஆகிவிட்டது.

இங்கே புதியவர்கள் விழுகிற ஒரு குழி இருக்கிறது. அந்தோனினியனஸில் பேரரசரின் தலையில் கூர்கூராகக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உடனே 'சூரியக் கடவுள்!' என்று எழுதி வைத்துவிடுவார்கள். அது சூரியன் இல்லை, 'இது இரட்டைக் காசு' என்பதற்கான அடையாளம். பேரரசிக்குக் கதிர்முடி கிடையாது, பதிலாக அவள் மார்பளவு உருவத்துக்கு அடியில் ஒரு பிறை இருக்கும்.

சாமி எந்தப் பக்கம்?

'தலையா பூவா' என்று சுண்டுவோமே, அந்தச் சொற்களையே வைத்துக்கொள்வோம்: தலைப்பக்கம், பூப்பக்கம்.

பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்துக் காசென்றால் தலைப்பக்கத்திலேயே சாமி. உயிரோடு இருக்கும் மனிதனின் முகத்தைக் காசில் போடும் வழக்கம் ரோமில் இல்லை. முதல் தெனாரியஸில் இறக்கை வைத்த தலைக்கவசத்தோடு இருப்பது ரோமா, அதாவது ரோம் நகரமே பெண்தெய்வமாக. பின்பக்கம் ஈட்டியை நீட்டிக்கொண்டு குதிரையில் பாயும் இரட்டையர், தலைக்குமேல் இரண்டு விண்மீன்கள்: காஸ்டர், போலக்ஸ். குதிரையோடு சேர்ந்த இரட்டைத் தெய்வம் என்றதும் நமக்கு அசுவினி தேவர்கள் நினைவுக்கு வருவது இயல்பு, வரட்டும். சில ஆண்டுகளில் இரட்டையருக்குப் பதிலாகத் தேர்கள் வந்தன. இரட்டைக் குதிரைத் தேரில் லூனா (தலையில் பிறை), இறக்கையோடு விக்டோரியா, நான்கு குதிரைத் தேரில் ஜூப்பிட்டர் என்று வரிசையாக வரும். தேரைப் பார்த்தால் முதலில் குதிரையை எண்ணுங்கள், அப்புறம் ஓட்டுகிறவரைப் பாருங்கள்.

கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் தன் முகத்தையே போடவைத்தார். அதற்குப் பிறகு தலைப்பக்கம் ஆளுகிறவருக்கு, சாமி பூப்பக்கத்துக்குப் போனார். இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்தப் பேரரசுக் காலத்தவை என்பதால், உங்கள் முதல் காசிலும் தலைப்பக்கம் ஒரு பேரரசரோ பேரரசியோதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுத்தைக் கூட்டிப் படியுங்கள்

லத்தீன் தெரியவேண்டியதில்லை, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தெரிந்தால் போதும். பேரரசுக் காலத்துக் காசில் பெரும்பாலும் கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, முள் சுற்றும் திசையிலேயே படிக்கவேண்டும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. யு என்ற எழுத்து இல்லை, அந்த இடத்தில் வி. ஜே இல்லை, அந்த இடத்தில் ஐ. ஆக ஜூனோவை 'ஐ-வி-என்-ஓ' என்று எழுதியிருப்பார்கள்.

தலைப்பக்கத்தில் சுருக்கங்கள் குவிந்துகிடக்கும். ஐஎம்பி என்றால் படைத்தலைவர் என்ற பட்டம், சிஏஇஎஸ் சீசர், ஏவிஜி அகஸ்டஸ் (இரண்டும் பேரரசர் பட்டங்கள்), பிஎம் தலைமைப் பூசாரி, சிஓஎஸ் கான்சல் என்ற உயர்பதவி, பிபி தேசத்தந்தை. டிஆர்பி என்றும் வரும், தொலைக்காட்சி டிஆர்பி இல்லை, மக்கள் சார்பான அதிகாரத்தைக் குறிக்கும் பட்டம். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால், அதற்குப் பின்னால் உள்ள எண்ணை வைத்து ஆண்டையே கண்டுபிடித்துவிடலாம். கான்சல் எண்ணும் உதவும்: பேரரசர் டிரேஜன் காசில் ஐந்தாம் முறை கான்சல் என்றிருந்தால் அது கி.பி. 103க்கும் 111க்கும் இடையில் அடித்தது.

பூப்பக்க எழுத்தில்தான் சாமி பெயர் இருக்கும், ஆனால் பாதி நேரம் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. காரணம் வேற்றுமை உருபு. பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமை 'கு' நினைவிருக்கிறதா? லத்தீனிலும் அப்படி ஒன்று உண்டு, அதில் சொல்லின் கடைசி மாறிவிடும். 'ஐ-ஓ-வி-ஐ' என்று இருந்தால் யோவி, அதாவது ஜூப்பிட்டருக்கு. 'மார்டி' மார்ஸுக்கு, 'வெனெரி' வீனஸுக்கு, 'சோலி' சூரியனுக்கு. 'யோவி கன்செர்வடோரி' என்பது 'காப்பவராகிய ஜூப்பிட்டருக்கு'. உபயக்காரர் பெயர் பொறித்த கோயில் குத்துவிளக்கு மாதிரி, காசே ஒரு காணிக்கை.

அதேபோல் பூப்பக்கத்தில் சாமி பெயருக்குப் பின்னால் ஏவிஜி வந்தால் அது ஆறாம் வேற்றுமை, 'பேரரசரின்'. 'பாக்ஸ் ஏவிஜி' என்றால் பேரரசர் தந்த அமைதி. ஏவிஜிஜி என்று இரண்டு ஜி இருந்தால் மரியாதைக்காகச் சேர்த்தது இல்லை, அப்போது இரண்டு பேரரசர்கள் இருந்தார்கள். மூன்று ஜி என்றால் மூன்று பேர். காலத்தைக் குறுக்க இதைப்போல் எளிய வழி இல்லை.

இப்போது கை

எழுத்து பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் கைதான் கதி. உருவம் என்ன பிடித்திருக்கிறது, தலையில் என்ன, காலடியில் என்ன, இந்த வரிசையில் பாருங்கள்.

இடியை வைத்திருப்பவர் ஜூப்பிட்டர். இடி என்றால் மின்னல்கோடு மாதிரி வளைந்து நெளிந்து இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், நடுவில் பிடித்து இரு முனையும் விரிந்த ஒரு கட்டு போல இருக்கும், நம் வச்சிராயுதத்தை ஓவியத்தில் போடுவார்களே, ஏறக்குறைய அது. மற்றக் கையில் செங்கோல், தாடி, சில சமயம் காலடியில் கழுகு. ஜூனோ அவர் மனைவி: ஒரு கையில் பத்தேரா என்ற ஆழமில்லாத பூசைத் தட்டு, மறுகையில் செங்கோல், மயில். மினர்வா: தலைக்கவசம், ஈட்டி, கேடயம், ஆந்தை. டோமிஷியன் (கி.பி. 81 முதல் 96 வரை ஆண்டவர்) மினர்வாவின் பக்தர், அவர் தெனாரியஸில் மினர்வா நான்கு விதமாகத் திரும்பத் திரும்ப வருவாள், அந்த நான்கையும் சேர்ப்பதே சிலருக்கு ஒரு தனிப் பித்து.

மார்ஸும் தலைக்கவசமும் ஈட்டியுமாகத்தான் இருப்பார், ஆனால் ஆண், பாதி நேரம் உடையில்லாமல், தோளில் எதிரியின் ஆயுதங்களைக் கழியில் கட்டிய வெற்றிச்சின்னத்தைச் சுமந்துகொண்டு நடப்பார். வீனஸ் கையில் ஆப்பிள், சில சமயம் மார்ஸிடமிருந்து வாங்கிய தலைக்கவசம். யாழ் வைத்திருப்பவர் அப்பல்லோ. வில், அம்பறாத்தூணி, வேட்டைநாய் இருந்தால் டயானா. இறக்கை வைத்த தொப்பியும் பாம்புகள் பின்னிய கோலும் என்றால் மெர்குரி. சிங்கத்தோலும் தடியும் ஹெர்குலிஸ். கோட்டைமதில் போன்ற முடியும் பக்கத்தில் சிங்கமும் சிபெலி என்ற தாய்த்தெய்வம். சிங்கத்தைப் பார்த்து துர்க்கை நினைவு வந்தால் குற்றமில்லை.

இதுவரை சுலபம். தலைவலி கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். ரோமர்கள் குணங்களையும் சாமியாக்கினார்கள், நேர்மை, நம்பிக்கை, மகிழ்ச்சி, ஒற்றுமை என்று. எல்லாரும் நீண்ட உடை உடுத்த பெண்கள், இவர்களில் பாதிப்பேர் ஒரு கையில் பழமும் பூவும் வழியும் வளக்கொம்பை வைத்திருப்பார்கள். அந்தக் கொம்பு எல்லாருக்கும் பொது, எனவே அதை வைத்து முடிவு செய்யவே கூடாது. கொம்பு இருக்கிற கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பாருங்கள். கப்பல் சுக்கான் என்றால் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டத்தின் தேவி. தராசு என்றால் ஈக்விடாஸ், நேர்மை; அல்லது மொனெட்டா, நாணயச்சாலையின் தெய்வம், இவர்கள் இருவரையும் எழுத்தில்லாமல் பிரிக்க முடியாது. பாம்புகள் பின்னிய கோல் என்றால் ஃபெலிசிடாஸ், மகிழ்ச்சி. ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ். சட்டம் போட்ட எண்ணும் பலகை என்றால் லிபராலிடாஸ், மக்களுக்குப் பணம் பங்கிட்ட நினைவு. கையில் தானியக் கதிர்களும் காலடியில் தானியம் அளக்கும் மரக்காலும் இருந்தால் அன்னோனா, அதாவது ரோமுக்கு வந்து சேர்ந்த தானியம். பெயரைக் கேட்டதும் அன்னபூரணி என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, அன்னோனா என்பது ஆண்டு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கொம்பு இல்லாதவர்களில் மூவரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: தட்டில் பாம்புக்கு உணவூட்டுபவள் சாலுஸ், உடல்நலம். ஒரு கையில் பூவும் மறுகையில் சற்றே தூக்கிய உடைமுனையுமாக நடப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. இறக்கை, மாலை, பேரீச்ச ஓலை என்றால் விக்டோரியா, வெற்றி.

மொனெட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமின் காபிடோலின் குன்றில் ஜூனோ மொனெட்டாவின் கோயிலை ஒட்டித்தான் நாணயச்சாலை இருந்தது, ஆங்கிலத்தின் 'மணி' என்ற சொல் அவள் பெயரிலிருந்து வந்தது. கி.மு. 46இல் டைட்டஸ் கரீசியஸ் என்ற நாணயச்சாலை அதிகாரி அடித்த தெனாரியஸில் ஒரு பக்கம் மொனெட்டாவின் தலை, மறுபக்கம் குறடு, பட்டறைக்கல், சுத்தி. காசு எப்படிச் செய்தார்கள் என்பதைக் காசே சொல்கிறது. சூடான வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியால் ஓர் அடி, அவ்வளவுதான். உங்கள் காசில் சாமியின் தலை விளிம்புக்கு வெளியே போயிருந்தாலும் ஓரம் வெடித்திருந்தாலும் அது குறையில்லை, அடித்தவர் அன்றைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறார்.

ஒரு காசை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பக்கம் கூந்தலை வாரிக் கட்டி நெற்றிமுடி அணிந்த ஒரு பெண். எழுத்தைக் கூட்டினால் 'யூலியா மமேயா ஏவிஜி'. தோளுக்குக் கீழே பிறை இல்லை, ஆகவே இரட்டைக் காசு இல்லை, தெனாரியஸ். மமேயா யார்? கி.பி. 222 முதல் 235 வரை ஆண்ட செவரஸ் அலெக்சாண்டரின் தாய். காலம் கிடைத்துவிட்டது. திருப்புங்கள். முக்காடிட்ட பெண் நிற்கிறாள், ஒரு கையில் தட்டு, மறுகையில் நீண்ட செங்கோல். தட்டும் செங்கோலும் பல தேவிகளுக்குப் பொது, எனவே பொறுங்கள். காலடியில் ஏதோ பறவை. லென்ஸில் பார்த்தால் நீண்ட கழுத்து, இழுபடும் தோகை, மயில்தான். ஆக ஜூனோ. எழுத்தும் அதையே சொல்கிறது: 'யூனோ கன்செர்வட்ரிக்ஸ்', காப்பவளாகிய ஜூனோ. தாயும் மகனும் 235இல் தங்கள் படைவீரர்கள் கையாலேயே செத்தார்கள் என்பது பின்கதை.

காசின் சாமியைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், ஏன் இந்தச் சாமி என்று கேளுங்கள், சுவாரசியமே அங்கேதான் தொடங்குகிறது. தன்னைக் கொல்லத் திட்டமிட்ட சதி கி.பி. 65இல் வெளிப்பட்ட பிறகு நீரோ 'காவல் ஜூப்பிட்டர்' என்று காசு அடித்தார். சீசர் தன் குலத்தை வீனஸ் வழி வந்தது என்று சொல்லிக்கொண்டவர், எனவே அவர் காசில் வீனஸ் தலையும், கிழத்தந்தையைத் தோளில் சுமந்து டிராயிலிருந்து தப்பும் வீனஸின் மகன் ஈனியஸும். 'ஃபிடெஸ் மிலிடம்', படையின் விசுவாசம், என்று காசு காசாக அடிக்கிறார் ஒரு பேரரசர் என்றால் அங்கே விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது என்றே நான் வாசிப்பேன். கரகல்லாவுக்கும் பிளாட்டில்லாவுக்கும் கி.பி. 202இல் திருமணம், காசில் இருவரும் கைகோத்து நிற்கிறார்கள், சுற்றிலும் 'நித்திய ஒற்றுமைக்கு' என்று நான்காம் வேற்றுமையில். மூன்றே ஆண்டில் அவளை நாடுகடத்தி, பிறகு கொன்றும்விட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எலகபாலஸ் காசு (கி.பி. 218 முதல் 222). சிரியாவின் எமேசா, இன்றைய ஹோம்ஸ், அங்கே சூரியக் கடவுளுக்கு உருவம் கிடையாது, ஒரு கறுப்புக் கூம்புக்கல்தான் சாமி. அந்தக் கோயிலின் பூசாரியாக இருந்த பையன்தான் எலகபாலஸ், பேரரசர் ஆனதும் கல்லை ரோமுக்கே கொண்டுவந்துவிட்டார். காசில் நான்கு குதிரைத் தேரில் அந்தக் கல் உலா போகிறது. ரோமர்கள் முகம் சுளித்தார்கள். தேரில் உலாவரும் கல்லைப் பார்த்து நமக்கு அப்படி ஒன்றும் விசித்திரமாகத் தோன்றாது.

நம் ஊர்த் தொடர்பு

கொங்குநாட்டில், வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் பக்கம் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்திருப்பது தெரிந்திருக்கும். தென்னிந்தியாவில் கிடைத்த தெனாரியஸில் பெரும்பகுதி இரண்டே வகை. ஒன்று முதல் பேரரசர் அகஸ்டஸ் காசு, பின்பக்கம் கயஸ், லூசியஸ் என்ற இரு வாரிசுகள் கேடயங்களோடு நிற்பார்கள், சாமி இல்லை, ஆனால் மேலே பூசைக் கரண்டியும் பூசாரிக்குரிய வளைந்த கோலும் இருக்கும். இன்னொன்று அவருக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸ் காசு, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்து செங்கோலும் கிளையும் பிடித்த பெண். அமைதித் தெய்வம் பாக்ஸ் என்கிறார்கள், டைபீரியஸின் தாய் லிவியாவே பாக்ஸ் கோலத்தில் என்றும் சொல்வார்கள். 'சீசருடையதைச் சீசருக்கு' என்று இயேசு சொன்னபோது கையில் இருந்த வரிக்காசு இதுதான் என்பது நீண்டநாள் நம்பிக்கை, அதனாலேயே விலை ஏறிக்கிடக்கிறது. இந்த இரண்டையும் பார்த்து அக்காலத்தில் இந்தியாவிலேயே போலச்செய்த காசுகளும் உண்டு, லத்தீன் தெரியாத கை செதுக்கியதால் எழுத்து வெறும் கோடும் வளைவுமாக இருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பில் ரோமக் காசுகள் நிறைய உண்டு. வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க அதைப்போல இடம் இல்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் புதையல் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். 'எங்க தோட்டத்தில் கிடைச்சது சார், யாருக்கும் சொல்லலை' என்று யாராவது கொண்டுவந்தால் இரண்டு வழிதான்: ஒன்று சட்டச்சிக்கல், இல்லையேல் போலி. இரண்டாவதுதான் அதிகம்.

போலியில் ஏமாறாமல் இருக்க

நான் ஏமாந்தேன். ஒரு கண்காட்சியில், பேரம் பேசி வாங்கிய பெருமையோடு ஒரு 'டைபீரியஸ்' கொண்டுவந்தேன். வீட்டில் எடைபோட்டால் இரண்டரை கிராம்கூட இல்லை. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு, இரண்டு பாதி அச்சில் உருக்கி வார்த்ததன் அடையாளம். லென்ஸில் பார்த்தால் பரப்பெங்கும் குண்டூசி முனை அளவு குழிகள், எழுத்தின் ஓரங்கள் சோப்பில் வெட்டியது போல மழுங்கலாக. அடித்த காசில் எழுத்து தேய்ந்திருந்தாலும் அடிவாரம் கூர்மையாக நிற்கும். காந்தத்தில் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம், ஆனால் ஒட்டாததால் அசல் என்றும் ஆகிவிடாது.

உள்ளே செம்பும் வெளியே வெள்ளித்தகடுமான காசுகள் தனி வகை, அவை ரோமர் காலத்திலேயே செய்த கள்ளக்காசு. ஓரத்தில் உரிந்து பச்சை தெரியும், எடை குறையும். அதையும் தெரிந்தே வாங்குகிறவர்கள் உண்டு, தெரியாமல் வாங்காதீர்கள். இந்தக் கள்ளக்காசுக்குப் பயந்துதானோ என்னவோ, கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிச் சில தெனாரியஸ்களின் விளிம்பை ரம்பப்பல் போல வெட்டிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் அந்தப் பல் வைத்த காசையும் இரட்டைக் குதிரைத் தேர்க் காசையும்தான் நம்பி வாங்குவார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். பல் வைத்த கள்ளக்காசும் கிடைத்திருக்கிறது, எனவே அது தந்திரம்தான் என்றால் பலிக்கவில்லை.

முக்கியமாக, சீசரைக் கொன்ற புரூட்டஸ் அடித்த, இரண்டு குத்துவாளும் விடுதலைத் தொப்பியும் உள்ள காசு உங்களிடம் விற்பனைக்கு வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அதன் தங்கப் பதிப்பு ஒன்று 2020இல் லண்டனில் ஏறக்குறைய 42 லட்சம் டாலருக்கு ஏலம்போனது, வந்த வழி பற்றிய ஆவணம் பொய் என்று தெரிந்து 2023இல் கிரீஸிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கோடீஸ்வரர்களுக்கே இந்தக் கதி. ரசீதும், முன்பு யாரிடம் இருந்தது என்ற விவரமும் கேளுங்கள், கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கிய காசை விளக்கக் கூடாது. புளி வேண்டாம், திருநீறு வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். அந்தக் கருமைதான் எழுத்தை எடுத்துக்காட்டுகிறது, தேய்த்தால் அதோடு விலையும் போய்விடும். பிவிசி உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுக்கும், காகித உறையே போதும்.

உங்கள் காசை ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் இலவச இணையத் தரவுத்தளங்கள் இரண்டு இருக்கின்றன, குடியரசுக் காலத்துக்கு ஒன்று, பேரரசுக் காலத்துக்கு ஒன்று. பேரரசர் பெயர், உலோகம், தெய்வம் என்று தேர்வு செய்தால் படத்தோடு பட்டியல் வரும்.

எதில் தொடங்குவது? என் யோசனை: ஏழு கிழமை

வியாழன் ஜூப்பிட்டர், செவ்வாய் மார்ஸ், புதன் மெர்குரி, வெள்ளி வீனஸ், சனி சாட்டர்ன், ஞாயிறு சோல், திங்கள் லூனா. நம் கிழமைகளும் அவர்கள் கிழமைகளும் ஒரே கோள்வரிசை. ஏழு நாளுக்கு ஏழு வெள்ளிக்காசு என்று வைத்துக்கொண்டால் குடியரசும் பேரரசும் இரண்டும் கையில் வந்துவிடும், கண்டதை வாங்கிக் குவிக்கவும் மாட்டீர்கள்.

ஞாயிறு சுலபம், செவரஸ் அலெக்சாண்டரின் கடைசி ஆண்டுகளின் தெனாரியஸில் சோல் கதிர்முடியோடு வலக்கையை உயர்த்தி நிற்பார். செவ்வாயும் அதே பேரரசரிடம் கிடைக்கும். வியாழனுக்கு மூன்றாம் கார்டியன் (238 முதல் 244), இரட்டைக் காசுதான், ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. வெள்ளியில் வெள்ளி வேண்டுமென்றால் பேரரசி ஜூலியா டோம்னாவின் காசு ஒன்று: வீனஸ் தூணில் சாய்ந்து நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள், உடை இடுப்புக்குக் கீழே நழுவியிருக்கிறது. திங்களுக்குக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் லூனா தேர்.

புதனுக்குக் கொஞ்சம் சேமிக்கவேண்டும். கி.மு. 82இல் கயஸ் மமீலியஸ் லிமெட்டானஸ் அடித்த பல் வைத்த தெனாரியஸ், தலைப்பக்கம் இறக்கைத் தொப்பியோடு மெர்குரி. பின்பக்கம் டிராய்ப் போருக்குப் போய் இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்பும் யுலிசிஸ், கையில் கோல், யாரும் அடையாளம் தெரியாத கோலம், எதிரே அவனைக் கண்டுகொண்ட கிழட்டு நாய் ஆர்கோஸ் தலையை நிமிர்த்துகிறது. அந்த அதிகாரியின் குடும்பம் யுலிசிஸ் வழி வந்தது என்று சொல்லிக்கொண்டதாம், சொல்லிக்கொள்ளட்டும், நாய்க்காகவே வாங்கலாம்.

சனிதான் கஷ்டம். ஏறக்குறைய கி.மு. 100இல் பீசோ, கேப்பியோ என்ற இரண்டு நிதி அதிகாரிகள் அரசு தானியம் வாங்குவதற்காக அடித்த காசு ஒன்று இருக்கிறது. தாடி வைத்த சாட்டர்ன் தலை, பின்னால் நம் கருக்கரிவாளை ஒத்த பல் வைத்த அரிவாள், மறுபக்கம் பெஞ்சில் இருவர், இரு ஓரமும் கோதுமைக் கதிர். ரோமின் கருவூலமே சாட்டர்ன் கோயிலில்தான் இருந்தது, அதனால் நிதி அதிகாரிகளுக்குப் பொருத்தமான சாமி. நல்ல நிலையில் உள்ளது விலை கட்டுப்படியாகவில்லை, கட்டுப்படியாவதில் அரிவாள் தேய்ந்திருக்கிறது. அரிவாள் தெரியாத சாட்டர்னை வைத்து என்ன செய்வது, அது வெறும் தாடிக்காரர். என் பெட்டியில் இன்னும் வெள்ளிக்கிழமையோடு வாரம் முடிந்துவிடுகிறது.